எஸ்எஸ்டி போகவில்லை, இன்ஸ்டாலருக்கு அது தெரியவில்லை

உங்கள் கேள்வி இதுதான்: இன்டெல் 12ஆம் தலைமுறை ஐ5 லேப்டாப், உள்ளே 512 ஜிபி என்விஎம்இ (எஸ்எஸ்டியோடு கணினி பேசும் வேகமான முறை) எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 பென் டிரைவிலிருந்து பூட் ஆகிறது. மொழி, கீபோர்டு எல்லாம் தாண்டி, எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும் திரைக்கு வந்தால் பட்டியல் காலியாக இருக்கிறது. பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் லேப்டாப்பின் சொந்த அமைப்புத் திரை) மட்டும் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறது. டிரைவரை டவுன்லோடு செய்து பென் டிரைவில் போட்டுக் காட்டினாலும் ‘கையொப்பமிட்ட டிரைவர் எதுவும் கிடைக்கவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறது. சர்வீஸ் கடையில் எஸ்எஸ்டி போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். புதிய எஸ்எஸ்டி போட்டாலும் இதே திரையில் இதே காலிப் பட்டியல்தான் வர வாய்ப்பு. பயாஸ் அதன் பெயரைப் படிக்கிறது என்பதே அது உயிரோடு இருப்பதற்கு நல்ல அடையாளம். குறை இருப்பது எஸ்எஸ்டிக்கும் இன்ஸ்டாலருக்கும் நடுவில். அங்கே ஒரு கண்ட்ரோலர் உட்கார்ந்திருக்கிறது. அதோடு பேசத் தேவையான டிரைவர் உங்கள் இன்ஸ்டாலரிடம் இல்லை.

அந்தக் கண்ட்ரோலரின் பெயர் விஎம்டி, வால்யூம் மேனேஜ்மென்ட் டிவைஸ். முதலில் இன்டெல் இதை சர்வர்களுக்கான சியான் பிராசஸர்களில்தான் வைத்தது. 2020இல் வந்த 11ஆம் தலைமுறையிலிருந்து சாதாரண லேப்டாப்களுக்கும் வந்துவிட்டது. பல லேப்டாப்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே விஎம்டி இயக்கத்தில்தான் வருகின்றன. அது இயங்கும்போது நடப்பது இதுதான்: என்விஎம்இ எஸ்எஸ்டி, கணினியில் மாட்டிய சாதனங்கள் தெரியும் வழக்கமான பிசிஐ பட்டியலிலிருந்து மறைந்து, விஎம்டியின் பின்னால் போய்விடுகிறது. விண்டோஸில் என்விஎம்இ-க்கான டிரைவர் கூடவே வருகிறது என்றாலும், அந்த டிரைவர் தேடும் இடத்தில் எஸ்எஸ்டி இருக்காது. முதலில் விஎம்டிக்கான டிரைவர் ஏறி, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எடுத்துக் காட்டினால்தான் டிஸ்க் வெளியே வரும். பயாஸுக்கு ஏன் தெரிகிறது என்றால், லேப்டாப்பின் ஃபர்ம்வேருக்குள்ளேயே விஎம்டிக்கான தனி டிரைவர் இருக்கிறது. பென் டிரைவ் யுஎஸ்பி வழியாக வருவதால் அதற்கும் விஎம்டிக்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் பூட் மட்டும் நன்றாக ஆகிறது.

இது புதுச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பி போட்ட காலத்தில் சாட்டா ஹார்டு டிஸ்க் ஏஹெச்சிஐ முறையில் (டிஸ்க்கோடு கணினி பேசும் ஒரு முறை) இருந்தால் இதே கதைதான். எக்ஸ்பியின் சிடியில் ஏஹெச்சிஐ டிரைவர் கிடையாது. நீலத் திரை தொடங்கியதும் கீழே ஒரு வரி சில நொடிகள் ஓடும், அதற்குள் எஃப்6 அழுத்த வேண்டும், டிரைவரை ஃப்ளாப்பியில்தான் கொடுக்க வேண்டும். ஃப்ளாப்பி டிரைவே இல்லாத லேப்டாப்பில் என்ன செய்வது? டிரைவரைச் சிடிக்குள்ளேயே திணித்து புதிதாக ஒரு சிடி எழுதுவோம், அல்லது பயாஸில் அதைவிடப் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றிவிடுவோம். 2007இல் வந்த விஸ்டாவில் ஏஹெச்சிஐ டிரைவர் கூடவே வந்தது, யுஎஸ்பியிலிருந்து டிரைவர் ஏற்றும் வசதியும் வந்தது. அப்புறம் 2009இல் வந்த விண்டோஸ் 7-க்கு என்விஎம்இ தெரியாது, ஏனென்றால் என்விஎம்இ-யின் முதல் வரையறையே 2011இல்தான் வெளியானது. 8.1-இல் அது சரியானது. வன்பொருள் எப்போதும் இன்ஸ்டாலரை விட ஒரு அடி முன்னால் ஓடுகிறது, அந்த இடைவெளியில் நாம் மாட்டிக்கொள்கிறோம். இன்றும் பல லேப்டாப் நிறுவனங்களின் தளத்தில் இந்த டிரைவரின் பெயரில் எஃப்6 என்று இருப்பதைப் பார்க்கலாம். அந்தக் காலத்து விசையின் பெயர்தான் அது. உங்களுக்குத் தேவையான கோப்பும் அதுவேதான்.

சரி, முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். காலிப் பட்டியல் தெரியும் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கறுப்பு கமாண்ட் சாளரம் திறக்கும். சில லேப்டாப்களில் கூடவே எஃப்என் விசையையும் பிடிக்க வேண்டும். அதில் டிஸ்க்பார்ட் என்று அடித்து உள்ளே போய், லிஸ்ட் டிஸ்க் கொடுங்கள். விண்டோஸுக்குத் தெரியும் டிஸ்க்குகள் அளவோடு வரும். 512 ஜிபி எஸ்எஸ்டி அங்கே 476 ஜிபி என்று காட்டும், அது இயல்பு. உங்கள் விஷயத்தில் பென் டிரைவ் மட்டும்தான் ‘டிஸ்க் 0’ என்று வரும் என்று நினைக்கிறேன். இங்கே ஒரு எச்சரிக்கை. ‘டிஸ்க் 0-ஐ செலக்ட் செய்து கிளீன் கொடு’ என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். இந்த நிலையில் அதைச் செய்தால் அழிவது உங்கள் இன்ஸ்டால் பென் டிரைவ். அளவைப் பார்க்காமல் அந்தக் கட்டளையைத் தொடவே கூடாது.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் உபுண்டுவை ஒரு பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் லைவாக ஓட்டிப் பாருங்கள். லினக்ஸ் கெர்னலில் விஎம்டி டிரைவர் 2016 முதல் இருக்கிறது. புதிய உபுண்டுவில் டிஸ்க்ஸ் செயலியைத் திறந்தாலே எஸ்எஸ்டி தெரிந்துவிடும். கடைக்காரரிடம் காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மாறாக, பயாஸிலேயே எஸ்எஸ்டியின் பெயர் வரவில்லையென்றால் இந்தப் பதில் உங்களுக்கு உதவாது. அது ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருக்கலாம், என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகை எம்.2 போட்டிருக்கலாம், உண்மையிலேயே போயும் இருக்கலாம். அதேபோல் பட்டியலில் டிஸ்க் தெரிந்து, ஆனால் ‘இதில் நிறுவ முடியாது’ என்று சொன்னாலும் டிரைவரைத் தேடிப் போக வேண்டாம். பெரும்பாலும் அது எம்பிஆர், ஜிபிடி என்று டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் இரண்டு முறைகளுக்கு இடையிலான தகராறு.

இப்போது தீர்வு. இரண்டு வழி உண்டு: டிரைவரைக் கொடுப்பது, அல்லது விஎம்டியை அணைப்பது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது எஸ்எஸ்டியில் காப்பாற்ற வேண்டிய டேட்டா இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இருந்தால் பயாஸைத் தொடாமல் டிரைவர் வழியில் போங்கள். காலி எஸ்எஸ்டி, அதுவும் ஒன்றே ஒன்றுதான் என்றால் அணைப்பதே சுலபம்.

டிரைவர் வழியில் நீங்கள் ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டீர்கள். அந்தக் கையொப்பச் செய்தி ஏன் வருகிறது என்று சொல்கிறேன். நீங்கள் பென் டிரைவில் போட்டது இஎக்ஸ்இ கோப்பாக இருக்கும். அது ஓடும் விண்டோஸுக்குள் டபுள் கிளிக் செய்து நிறுவுவதற்கான பொட்டலம். இன்ஸ்டாலருக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. அது தேடுவது ஐஎன்எஃப் என்று முடியும் ஒரு கோப்பை. கூடவே எஸ்ஒய்எஸ் என்று முடியும் டிரைவரும், சிஏடி என்று முடியும் கையொப்பக் கோப்பும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். சிலர் ஐஎன்எஃப்-ஐ மட்டும் எடுத்து வைப்பார்கள். கையொப்பம் சிஏடி கோப்பில் இருப்பதால் அப்போதும் வேலை நடக்காது. ஃபோல்டரை முழுசாக நகலெடுங்கள்.

பொட்டலத்தை வேறொரு விண்டோஸ் கணினியில் பிரிக்க வேண்டும். முதலில் உங்கள் லேப்டாப் மாடலின் சப்போர்ட் பக்கத்தில் ஸ்டோரேஜ் பகுதியில் ஜிப் வடிவில் டிரைவர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விரித்தாலே போதும். இல்லையென்றால் இன்டெல் தளத்தில் விஎம்டி டிரைவரும் அடங்கிய ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி, சுருக்கமாக ஆர்எஸ்டி, அதன் செட்அப் கோப்பை இறக்குங்கள். எந்தத் தலைமுறைக்கு எந்தப் பதிப்பு என்று தளத்திலேயே போட்டிருக்கும், அதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் புதியதை எடுப்பதுதான் நல்லது என்ற பழக்கம் இங்கே காலை வாரும், ஏனென்றால் புதிய பதிப்புகளில் பழைய தலைமுறைகளைக் கைவிட்டுவிடுகிறார்கள். இறக்கிய கோப்பு இருக்கும் ஃபோல்டரில் கமாண்ட் சாளரத்தைத் திறந்து, கோப்பின் பெயரை அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு, கோட்டை ஒட்டியே எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ் என்று ஒரே சொல்லாக எழுதி, இன்னொரு இடைவெளி விட்டு, எந்த ஃபோல்டரில் விரிக்க வேண்டுமோ அதன் பாதையைக் கொடுங்கள். விரிந்ததும் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் விஎம்டி என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் வரும். உங்களுக்கு வேண்டியது அது. அதை இன்ஸ்டால் பென் டிரைவிலேயே தனி ஃபோல்டராக வைக்கலாம், இன்ஸ்டாலரின் கோப்புகளோடு கலக்காமல் இருந்தால் சரி.

திரும்ப இன்ஸ்டாலருக்கு வாருங்கள். காலிப் பட்டியலுக்குக் கீழே லோட் டிரைவர் என்று இருக்கும். அதை அழுத்தி, பிரௌஸ் கொடுத்து, விஎம்டி ஃபோல்டரைக் காட்டுங்கள். ‘பொருந்தாத டிரைவர்களை மறை’ என்ற டிக் இருக்கும், அதை எடுக்காதீர்கள். டிக் இருக்கும்போது உங்கள் கணினிக்கு உரியது மட்டும் வரும். 12ஆம் தலைமுறை என்றால் விஎம்டி கண்ட்ரோலர் 467எஃப் என்று காட்டும். 11ஆம் தலைமுறைக்கு அது 9ஏ0பி, 13ஆம் தலைமுறைக்கு ஏ77எஃப். அதைத் தேர்ந்து நெக்ஸ்ட் கொடுத்துச் சற்றுக் காத்திருந்தால் எஸ்எஸ்டி பட்டியலில் வந்து உட்காரும். டிக் இருக்கும்போது ஒன்றுமே வரவில்லையென்றால், காட்டியது தவறான ஃபோல்டர், அல்லது வேறு தலைமுறையின் டிரைவர். டிக்கை எடுத்து, வருவதில் எதையாவது வலுக்கட்டாயமாக ஏற்றுவதால் பயன் கிடையாது.

கறுப்பு சாளரத்தில் டிஆர்விலோட் (drvload) என்ற கட்டளையாலும் ஐஎன்எஃப்-ஐ ஏற்றலாம். அது அப்போது ஓடிக்கொண்டிருக்கும் சிறு விண்டோஸுக்கு ஏற்றுகிறது. இந்த டிரைவர் சரியானதுதானா என்று சோதிக்க நல்ல கருவி. ஆனால் நிறுவப்போகும் விண்டோஸுக்கும் டிரைவர் போய்ச் சேர வேண்டும், அதனால் உண்மையான நிறுவலுக்கு லோட் டிரைவர் பொத்தானையே பயன்படுத்துங்கள்.

இன்னொன்று. 24ஹெச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 இன்ஸ்டாலரின் முகமே மாறியிருக்கிறது. அதில் குழப்பமாக இருந்தால் தொடக்கத்திலேயே பழைய செட்அப்புக்குப் போக ஒரு இணைப்பு இருக்கும், அதில் போய்க்கொள்ளலாம். அப்படியே வைஃபை டிரைவரையும் பிரித்து அதே பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 நிறுவி முடித்ததும் இணையம் கேட்கும், அங்கே வைஃபை தெரியாமல் போனால் இன்னொரு முறை முழிக்க வேண்டி வரும்.

அடுத்து விஎம்டியை அணைக்கும் வழி. ஒரே எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் விஎம்டியால் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு. அதன் முக்கிய வேலை பல டிஸ்க்குகளைச் சேர்த்து ரெய்டு அமைப்பது. ஆகவே காலி எஸ்எஸ்டிக்காரர்கள் தயங்காமல் அணைக்கலாம். ஆசுஸில் எஃப்7 அழுத்தி அட்வான்ஸ்டு முறைக்குப் போனால் விஎம்டி செட்அப் என்ற மெனு இருக்கும். டெல்லில் ஸ்டோரேஜ் பகுதியில் ‘ரெய்டு ஆன்’ என்பதை ஏஹெச்சிஐ / என்விஎம்இ என்று மாற்ற வேண்டும். ஏசரில் இது பல மாடல்களில் ஒளிந்திருக்கும். மெயின் பக்கத்தில் நின்று கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் விஎம்டி கண்ட்ரோலர் என்ற வரி தலைகாட்டும். சில எச்பி மாடல்களில் இந்த ஆப்ஷனையே கொடுப்பதில்லை, அவர்களுக்கு டிரைவர் வழி ஒன்றுதான். அணைத்து, சேமித்து, திரும்ப இன்ஸ்டாலரில் பூட் செய்தால் எந்த டிரைவரும் கேட்காமல் டிஸ்க் வந்துவிடும்.

இதைச் செய்யக் கூடாத இடங்கள் உண்டு. இரண்டு எஸ்எஸ்டிகளை ரெய்டாகச் சேர்த்திருந்தால் விஎம்டியை அணைத்த கணத்தில் அந்த அமைப்பு கலைந்து தனித்தனி டிஸ்க்குகளாகத் தெரியும். அந்த நிலையில் இன்ஸ்டாலரில் ஃபார்மட் கொடுத்தால் டேட்டா போனதுதான். டிஸ்க்கை வேகப்படுத்த இன்டெல் தந்த ஆப்டேன் மெமரி உள்ள கணினிகளிலும் முதலில் அதை விண்டோஸுக்குள் முறைப்படி நிறுத்தாமல் பயாஸில் கை வைக்கக் கூடாது.

ஏற்கெனவே ஒரு விண்டோஸ் உள்ளே இருக்கிறது, அதை வைத்துக்கொண்டே பக்கத்தில் இன்னொன்றையும் போட வேண்டும் என்பவர்கள் பயாஸில் நேரடியாக மாற்றினால், பழைய விண்டோஸ் பூட் ஆகாமல் ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத் திரையில் விழும். பழைய ஆட்களுக்கு 0எக்ஸ்7பி என்றால் புரியும். பயப்பட வேண்டாம், பயாஸில் பழைய நிலைக்குத் திருப்பினால் மறுபடி பூட் ஆகும். ஒழுங்கான வழி இது: மாற்றுவதற்கு முன் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட் டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்து நேராகப் பயாஸுக்குப் போய் விஎம்டியை அணையுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் ஏறும்போது தனக்குத் தேவையான என்விஎம்இ டிரைவரை எழுப்பிக்கொள்ளும். அப்புறம் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

அதைவிட முக்கியம் பிட்லாக்கர், அதாவது டிரைவை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. இன்று பல லேப்டாப்களில் பயனருக்குத் தெரியாமலே டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது. பயாஸில் இப்படி ஒரு மாற்றம் செய்தால் அடுத்த பூட்டில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் பயாஸுக்குப் போக வேண்டும். சாவி இல்லையென்றால் அந்த டேட்டாவை யாராலும் திறக்க முடியாது. இந்த ஒரு படியை மட்டும் தயவுசெய்து தாண்டாதீர்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும், இதே காலிப் பட்டியலை வேறு இடங்களில் பார்ப்பவர்களுக்காகச் சில வரிகள். ஏஎம்டி கணினிகளில் சாதாரணமாக இந்தத் தொல்லை வராது. பயாஸில் ரெய்டு இயக்கியிருந்தால் மட்டும் வரும். அங்கே மூன்று டிரைவர்களை வரிசை மாறாமல் ஏற்ற வேண்டும்: முதலில் ஆர்சிபாட்டம், பிறகு ஆர்சிரெய்டு, கடைசியாக ஆர்சிசிஎஃப்ஜி. முதலாவதை ஏற்றியதும் டிஸ்க் வரவில்லையே என்று நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். மூன்றும் முடிந்தால்தான் வரும்.

மெய்நிகர் கணினிகளை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் போன்றவற்றில் விண்டோஸ் போடுபவர்களுக்கு, டிஸ்க் விர்ட்ஐஓ முறையில் (மெய்நிகர் கணினிகளுக்கென்றே உள்ள முறை) இருந்தால் விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவை (சிடியின் முழு நகலான கோப்பு) இரண்டாவது சிடியாக மாட்ட வேண்டும். விர்ட்ஐஓ ஸ்கஸி என்றால் விஐஓஸ்கஸி ஃபோல்டர், விர்ட்ஐஓ பிளாக் என்றால் விஐஓஸ்டோர் ஃபோல்டர். அதற்குள் விண்டோஸ் பதிப்பு, அதற்குள் ஏஎம்டி64. பெயர் அப்படி இருந்தாலும் இன்டெல் பிராசஸருக்கும் அதுவேதான்.

லினக்ஸிலும் இது உண்டு. 11ஆம் தலைமுறைக்கு முந்தைய சாதாரண இன்டெல் லேப்டாப்களில் விஎம்டி கிடையாது. அங்கே ஆர்எஸ்டி வேறு விதமாக, என்விஎம்இ-யை ஏஹெச்சிஐ கண்ட்ரோலருக்குப் பின்னால் மறைக்கும். கெர்னல் பதிவில் ‘ரீமேப்டு என்விஎம்இ’ என்று ஒரு வரி வந்து, பயாஸில் ஏஹெச்சிஐ-க்கு மாற்று என்று அதுவே சொல்லும். சொன்னபடி செய்யுங்கள், மேலே சொன்ன பிட்லாக்கர் எச்சரிக்கையோடு. பழைய சர்வர்களில் ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 போடுபவர்களுக்கு வேறு சிக்கல். 2019இல் வந்த அந்தப் பதிப்பில் எல்எஸ்ஐ எஸ்ஏஎஸ்2008 போன்ற பழைய கண்ட்ரோலர்களுக்கான ஆதரவை நீக்கிவிட்டார்கள். 7இல் தெரிந்த டிஸ்க் 8இல் காணாமல் போவது அதனால்தான். எல்ரெப்போ என்ற தன்னார்வலர் குழு வெளியிடும் டிரைவர் டிஸ்க்கை இன்ஸ்டாலர் தொடங்கும்போதே கொடுத்தால் வந்துவிடும்.

கடைசியாக, ஒரு பொய்யான தடயம். ‘உங்கள் கணினிக்குத் தேவையான மீடியா டிரைவர் இல்லை’ என்று இன்ஸ்டாலர் சொல்லும் எல்லா நேரமும் எஸ்எஸ்டி கண்ட்ரோலர்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிஸ்க் பட்டியலுக்கு வருவதற்கு முன்பே இந்தச் செய்தி வந்தால், இன்ஸ்டாலருக்குத் தன் சொந்தப் பென் டிரைவையே படிக்க முடியவில்லை என்று அர்த்தம். விண்டோஸ் 7-ஐ யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள், 7இல் யுஎஸ்பி 3 டிரைவர் கிடையாது. புதிய விண்டோஸில் வந்தால் ஐஎஸ்ஓ பாதியில் அறுந்து இறங்கியிருக்கலாம், அல்லது பென் டிரைவே நலிந்திருக்கலாம். பிரௌஸ் கொடுக்கும்போது பட்டியலில் பென் டிரைவ் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் போர்ட்டை மாற்றி, ஐஎஸ்ஓவைப் புதிதாக இறக்கி, வேறு பென் டிரைவில் எழுதுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பட்டியல் காலியாகவே இருந்தால், லேப்டாப்பின் முழு மாடல் எண், டிஸ்க்பார்ட்டில் வந்த பட்டியல், பயாஸின் ஸ்டோரேஜ் பக்கத்தின் படம், உபுண்டு லைவில் டிஸ்க் தெரிந்ததா இல்லையா, இந்த நான்கையும் எழுதுங்கள். இவை கையில் இருந்தால் எந்த ஃபோல்டரைக் காட்ட வேண்டும் என்றே சொல்லிவிட முடியும்.